வெர்னா பிடுங்கிய பலகை

வெர்னா குவிம்பிக்குக் கோபம் வந்தால் எங்கள் ஹார்லோ மில்ஸ் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறைப் பாத்திரங்கள்தான் முதலில் அதைச் சொல்லும். கரண்டி தொட்டியில் விழுகிற சத்தத்தை வைத்தே பிள்ளைகள் வரிசையில் ஒழுங்காக நிற்பார்கள். ஆனால் அதெல்லாம் வந்து போகிற கோபம். அவள் நெஞ்சுக்குள் வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்த கோபம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் அணையின் மீது.

பெரிய அணை இல்லை. எப்போதோ மூடிப்போன மரம் அறுக்கும் ஆலைக்காகக் கட்டியது. இரண்டு ஆள் உயரம், கல்லும் சிமெண்டும். நடுவில் ஒரு திறப்பு. அதை அடைக்க ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கனத்த பலகைகள். பனிக்கட்டி படகுத்துறைகளை நொறுக்கிவிடாமலிருக்க, குளிர்காலத்துக்கு முன்பு சில பலகைகளை எடுத்து ஏரி நீரை இறக்குவது எங்கள் வழக்கம். அந்த வேலையைச் செய்துவந்தவன் வெர்னாவின் கணவன் ராய்ஸ். ஒரு நவம்பர் காலை, பாசி படிந்த நடைபாலத்தில் கால் வழுக்கி, அந்தத் திறப்பின் வாய்க்குள்ளேயே போய்விட்டான். அடுப்பில் அவனுக்காக வைத்த காப்பி ஆறுவதற்குள் அவள் விதவையாகிவிட்டாள்.

அதன்பிறகு அந்த நடைபாலத்தில் ஒருவரும் ஏறவில்லை. பலகைகள் ஊறிக் கிடந்தன. சிமெண்டு வெடித்து, வெடிப்பில் புதர் முளைத்தது. ஒவ்வொரு மார்ச் மாத ஊர்க்கூட்டத்திலும் வெர்னா எழுந்து நின்று கத்தினாள்.

"என் புருஷனை முழுங்கினதை இன்னும் எதுக்குக் கட்டிக் காப்பாத்துறீங்க? உடைச்சுப் போடுங்க!"

ஊர் தலையைக் குனிந்துகொண்டு, கூட்டம் முடிந்ததும் வேகவைத்த பீன்ஸைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகும். போன வருடம்தான், மாநிலப் பொறியாளர்கள் வந்து அணை தானாகவே உடைந்துவிடும் என்று பயமுறுத்திய பிறகு, ஊர் மனது மாறியது.

அந்த வருட ஊர்க்கூட்டத்துக்குத் தலைநகரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நாடின் வோஸ், சதுப்பு நில ஆய்வாளர். எங்கள் ஊர்க்கூட்டத்தில் ஓட்டில்லாத வெளியாள் பேச வேண்டுமென்றால், இருப்பவர்கள் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும்.

"அஞ்சு நிமிஷம் போதும்," என்றாள் நாடின். "அணைக்கு மேல ஏரியோரமா இருக்கிற சதுப்பைப் பத்தி மட்டும் சொல்லிட்டுப் போயிடறேன்."

வெர்னா துள்ளி எழுந்தாள். "வந்துட்டாங்கப்பா! ஆமை, தவளைன்னு கதை விட்டு இன்னும் பத்து வருஷம் இழுத்தடிக்க. யாரும் கை தூக்காதீங்க!"

கூடம் சிரித்தது. ஒரு கைகூட எழவில்லை. நாடின் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெளியாளை வாயடைத்து அனுப்புவதில் எங்களுக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அணையை எடுக்கலாம் என்று தீர்மானம் ஆனது. எப்போது என்பதை ஊர் நிர்வாகத் தலைவரிடம் விட்டுவிட்டோம். அவன் பெயர் டெல்மர், ராய்ஸின் தம்பி. அன்று வெர்னா வீட்டுக்குப் போய் ராய்ஸின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாளாம். வெற்றியின் அழுகை!

ஜூன் மாதம் நாடின் அவள் வீட்டுக்கே வந்து நின்றாள். வெர்னாவின் கொல்லைப்புறம் சதுப்பில்தான் முடிகிறது. அங்கே ஒரு மஞ்சள் கழுத்து ஆமை முட்டையிட மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. ராய்ஸ் போன புதிதில், வெர்னா மனம்விட்டுப் பேசியது இந்த ஆமைகளோடு மட்டும்தான்.

"அணையை எடுக்க வேணாம்னு சொல்ல நான் வரலீங்க," என்றாள் நாடின். "எப்படி எடுக்கணும்னு சொல்லத்தான் வந்தேன். நவம்பர்ல உடைக்கப் போறாங்களாம். தெரியுமா?"

"அதுக்கென்ன?"

"அப்போ ஆமையெல்லாம் சேத்துக்கடியில தூங்கும். ஒரேயடியா தண்ணி போச்சுன்னா சேறு உறைஞ்சிடும். ஒண்ணுகூடப் பிழைக்காது. இப்பவே ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா இறக்கினா, அதுங்களே மேல ஊற்றுக் குட்டைக்குப் போயிடும். காஞ்ச சேத்துல புல்லும் பிடிச்சிடும். இதைத்தான் அன்னிக்கு அஞ்சு நிமிஷத்துல சொல்ல வந்தேன்."

வெர்னாவுக்கு முகம் செத்துப்போனது. "நீங்களே உத்தரவு போடக் கூடாதா?"

"யோசனை சொல்லத்தான் முடியும். முடிவு உங்க ஊரோடது."

வெர்னா அந்தக் கணமே டெல்மரின் வீட்டுக்குப் போனாள். அவன் புல்வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, கோடைக்குப் படகு விட வந்திருக்கிறவங்க செப்டம்பர்லதான் போவாங்க. நடுவுல ஏரி வத்திச்சுன்னா என்னை உயிரோட தின்னுடுவாங்க."

"அதுக்காக அதுங்களைக் கொல்லுவியா?"

"உடைன்னு கத்தினதும் நீங்கதான், இப்போ உடைக்காதேன்னு கத்தறதும் நீங்கதான். ஊரே சிரிக்குது அண்ணி."

"உடைக்காதேன்னு எவடா சொன்னா? கொல்லாதேன்னு சொல்றேன்! உங்கண்ணனைக் கொண்டுபோனது பத்தலையா அந்த நவம்பருக்கு?"

அவன் மறுபடி இயந்திரத்தின் மேல் குனிந்துகொண்டான். அவளுக்கு அவன் மீது வந்த கோபத்தைவிடத் தன் மீது வந்த கோபம்தான் தாங்க முடியாததாக இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தைத் தட்டிப் பறித்தவள் அவள்தானே!

ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்துக்கு ஏரியில் படகு ஊர்வலம். கொடி கட்டிய படகுகள், பாட்டு, கரை முழுக்க ஜனம். நானும் கையில் ஹாட் டாக்கோடு நின்றிருந்தேன். அப்போது பார்த்தேன். பள்ளிக்கூடத்துச் சமையல் ஏப்ரனோடு, கையில் நீண்ட இரும்புக் கொக்கியோடு, வெர்னா அந்த நடைபாலத்தில் ஏறிக்கொண்டிருந்தாள். ராய்ஸ் வழுக்கி விழுந்த அதே மரப்பாலத்தில்!

பாட்டு நின்றுபோனது.

"அண்ணி! இறங்குங்க!" டெல்மரின் குரல் கிழிந்தது.

அவள் திரும்பவில்லை. கொக்கியை மேல் பலகையில் மாட்டி இழுத்தாள். வரவில்லை. அழுதுகொண்டே, அணையை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே மறுபடி இழுத்தாள். ஊறிப்போன பலகை முனகிக்கொண்டு கிளம்பி வந்தது. தண்ணீர் ஒரு மெல்லிய தகடு போல அணைக்குக் கீழே சரிந்தது.

"யாருக்காவது திரும்ப மாட்டணும்னா வாங்க!" என்று கத்தினாள். "இங்க வந்து நின்னு மாட்டுங்க!"

ஒருவரும் போகவில்லை. கரையில் இத்தனை ஆண்கள்! எங்கள் பயத்தை நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

அடுத்த வாரம் அவள் இரண்டாவது பலகைக்குப் போனபோது டெல்மர் கரையில் கயிற்றோடு நின்றான். அதை அவள் இடுப்பில் கட்டினான்.

"எதுக்கு இது?"

"நீங்க போயிட்டா நான் எங்கண்ணனுக்கு என்ன பதில் சொல்றது?" அவன் கண் கலங்கியிருந்தது.

"இறுக்கிக் கட்டு. ஒப்புக்குக் கட்டாதே," என்றாள் அவள். அவ்வளவுதான் சமாதானம். வாரம் ஒரு பலகையாக, நாடின் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக நீர் இறங்கியது.

ஆகஸ்டில் ஏரியின் பாதி சேறாகிவிட்டது. கோடைக்கு வந்திருந்த ப்ரெஸ்காட் என்ற படகுச் சொந்தக்காரர், வெள்ளைக் கால்சட்டையோடு, சேற்றில் சாய்ந்து கிடந்த தன் படகைக் காட்டிக் கூச்சல் போட்டார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்சீங்க? என் கோடையே நாசம்!"

வெர்னா குனிந்து, சேற்றில் திணறிக்கொண்டிருந்த மட்டிச் சிப்பிகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். மட்டிக்கு ஆமையைப்போல நடந்து தப்பத் தெரியாது. சில ஏற்கெனவே வாய் பிளந்து நாறின. ஒவ்வொன்றையும் ஒதுக்கும்போது அவள் உதடு துடித்தது.

"உங்க படகு அடுத்த வருஷமும் இருக்கும். இதுங்க சாயங்காலத்துக்குள்ள செத்துடும்," என்று இரண்டாவது வாளியை அவர் மார்பில் இடித்துக் கொடுத்தாள். "ஆழமான தண்ணியில கொண்டுபோய் விடுங்க. மெதுவா! உருளைக்கிழங்கு மாதிரி கொட்டாதீங்க!"

அவர் வாளியோடு முழங்கால் சேற்றில் இறங்கினார். பின்னாலிருந்து அவள் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தாள், தண்ணீர் இருக்கும் இடம் வரைக்கும்.