ஈரமான பழைய ரோடு

ரோடு போடும் வேலை என்றால் வெயிலுக்குப் பயப்படுகிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் மழைக்குப் பயந்தே அதில் பொழுதைக் கழித்தேன். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். மிஷின் சங்கதிகளைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதும் பயமாக இருக்கிறது. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு என் பாடு புரியும்.

செத்துப்போன ரோடு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் கிள்ளான் ஊருக்கு வெளியே ஒரு தார்க் கலவை ஆலையில் இருந்தேன். பழுதான ரோட்டைச் சுரண்டி லோரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதை நொறுக்கி, புதுக் கல், தார், பழைய டயரை அரைத்த ரப்பர் தூள் எல்லாம் சேர்த்து மறுபடியும் ரோடாக்குவார்கள். குவியலில் கிடக்கும் கம்பி, கட்டை, ஒற்றைச் செருப்பு இவற்றைப் பொறுக்குவது எனக்கும் என் கூட்டாளி பிலோமினாவுக்கும் வேலை.

ஒரு நாள் வெள்ளைக்கோடு போட்ட துண்டு ஒன்று கையில் வந்தது. இந்தக் கோட்டில் ரோட்டைக் கடந்த யாராவது அடிபட்டிருப்பார்களோ என்று கலங்கி நின்றுவிட்டேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதை ஏற்றிவந்த லோரிக்கார மணியம் சொன்னார்: "அக்கா, செத்துப்போன ரோட்டுக்கும் நீங்கதான் அழணுமா லா?"

பஸ்ஸில் கிடைத்த இடம்

சூடான தாரில் ரப்பர் தூள் விழுந்ததும் கிளம்பும் நாற்றம் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சீயக்காய்க்கும் அசையாது, ஷாம்புக்கும் அசையாது. ஒரு சாயங்காலம் நாங்கள் இருவரும் பஸ்ஸில் ஏறியதும் முன் சீட்டு அம்மாள், "அண்ணே, நிறுத்துங்க, டயர் எரியுது!" என்று கத்திவிட்டார். டிரைவரும் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பிலோமினா, பக்கத்திலிருந்தவர்கள் எழுந்து போனதில் காலியான சீட்டில் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "பயப்படாதீங்க ஆன்டி, எரியுற டயர் நாங்கதான்."

மழைக்கார அக்கா

பழைய ரோட்டுக் குவியல் நனையவே கூடாது. ரப்பர் கலவைக்குக் கல்லை வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் ஈரமான பழைய ரோடு விழுந்தால் நீராவி குபீரென்று வெளியே அடிக்கும். கொதிக்கிற தாரும் கூடவே தெறிக்கும்.

அதனால் மேகம் கறுத்தால் ஓடிப்போய்க் குவியலுக்குக் கன்வாஸ் போர்த்துவேன். கறுக்காவிட்டாலும் போர்த்துவேன். "அடியில ஈரம் இருக்கும், பாருங்க" என்று தினமும் மண்டோர் கோபாலை இழுத்துக்கொண்டு போவேன். எங்களை மேய்ப்பவர் அவர்தான். பொறுமையாக வருவார், குவியலுக்குள் கையை விடுவார், உள்ளங்கையை ஊதிக் காட்டுவார்: "வெறும் தூசி. மழைக்கார அக்கா, போய் டீ குடிங்க."

நிஜமான ஈரம்

ஒரு முறை, முந்தின நாள் ராத்திரி மழையோடு அடித்த காற்று கன்வாஸின் ஓரத்தைத் தூக்கிவிட்டிருந்தது. மேலே எல்லாம் வெயிலில் காய்ந்திருந்தது. அடியில் கைவைத்தேன், சொதசொதவென்றிருந்தது. மண்டோரிடம் ஓடினேன். அன்றைக்கென்று அவர் எழுந்து வரவில்லை, கையை மட்டும் ஆட்டினார். கலவைத் தொட்டிக்குக் கீழே கூட்டப் போன பிலோமினாவை மறித்தேன். "நேத்தும் இதையேதான் சொன்னே" என்று துடைப்பத்தோடு போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வெடிச் சத்தம். ஆலை முழுக்க வெள்ளையாகப் புகை. அவள் வலது கை முழங்கை வரை வெந்துபோனது. உயிர் பிழைத்தாள். ஆனால் அந்த விரல்கள் பிறகு மடங்கவேயில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மண்டோர் தனியாக நின்றார். "நான் சொன்னேனே" என்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை, கண் கலங்கியிருந்தது. "தினமும்தான் சொன்னீங்க அக்கா. இன்னிக்கு மட்டும் நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

காய்ந்த நாட்களில் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, நான் எவ்வளவு பயந்தாலும் யாருக்கும் எதுவும் வெந்துபோகாத ஒரு பூக்கடையில், ஈரம் காய்ந்துவிடக் கூடாதே என்ற ஒரே கவலையோடு நாள் முழுக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன்.