கானைவிடத் தாழ்ந்த வளவு

கார்த்திகை பிறந்தால் மன்னார்த் தீவில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். மதலேனா மட்டும் அயல்வீட்டுக் கூரைகளைப் பார்ப்பாள். எந்தக் கூரையின் மழைநீர்ப் பீலி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது அவளுக்கு மனப்பாடம். எங்கே திரும்பியிருந்தால் என்ன, வீடுகளுக்கு நடுவிலான அந்த ஒழுங்கையில் விழுகிற மழையெல்லாம் கடைசியில் வந்து சேருகிற இடம் வீடும் முற்றமுமான அவளுடைய வளவுதான். நாலு மாரிக்காலம் அப்படியே போயிற்று. நாலு மாரியும் முழங்கால் தண்ணீரில் நின்று சோறு சமைத்தவள் அவள்.

"ஒரு மாரிக்காவது நான் என்ர வீட்டு நிலத்தில பாய் போட்டுப் படுக்க வேணும். வேற ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்று புருசன் சந்தியோகுவிடம் சொல்வாள். மடுக் கோயிலுக்குப் போனபோது மாதாவிடமும் இதையேதான் கேட்டாள். மாதா என்ன செய்வார், பாவம். அவருடைய கையிலா இருக்கிறது ஒழுங்கையின் மட்டம்?

மட்டத்தைப் பற்றி மதலேனாவுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டு போருக்குத் தப்பிப் படகேறி இந்தியாவுக்குப் போய், மண்டபம் முகாமில் இருபது வருடம் இருந்தவள். அந்த இருபது வருடமும் இராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் இடையில் எத்தனையோ கட்டிடங்களுக்குச் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தாள். உள்ளே இருப்பது தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைக் கொத்தனார் பிடிக்க, மறு முனையை இவள் பிடிப்பாள். இரண்டு முனையிலும் தண்ணீர் நிற்கிற இடம் ஒரே மட்டம். கொத்தனார் குடித்துவிட்டு வந்த நாட்களில் இவளே இரண்டு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் பொய் சொல்லாது, படித்தவன்தான் சொல்லுவான் என்பது அங்கே அவள் கண்ட அனுபவம்.

போர் முடிந்த மறுவருடம் ஊர் திரும்பியவர்களில் அந்த ஒழுங்கைக்கு முதலில் வந்தது அவள் குடும்பம். பற்றைக் காட்டை வெட்டி, தறப்பாள் கூடாரத்துக்குள் ஒன்றரை வருடம் இருந்து, வீட்டுத்திட்டம் கிடைத்ததும் முதல் வீட்டைக் கட்டினாள். வீட்டுத்திட்டப் படத்தில் போட்டிருந்தபடி அத்திவாரத்துக்கு மேல் இரண்டு வரிசைக் கல், அந்த உயரத்தில் வீட்டு நிலம். அது போதும் என்று நினைத்தாள். போதும்தான், ஒழுங்கையில் வேறு வீடு இல்லாத வரைக்கும்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே எண்ணம். அயல்வீட்டு நிலத்தைவிடத் தன் வீட்டு நிலம் பதிந்து கிடக்கக் கூடாது, கிடந்தால் அந்தக் குடும்பம் தலையெடுக்காது. எங்கிருந்து வந்த நம்பிக்கையோ தெரியாது, மாதா கோயில் வேதக்காரர், சைவக்காரர், இஸ்லாமானவர் என்ற வித்தியாசம் அதில் மட்டும் இருக்கவில்லை. இரண்டாவது வீடு மூன்று வரிசை. மூன்றாவது வீடு நாலு. தொண்ணூறில் இடம்பெயர்ந்து போன புத்தளத்திலிருந்து இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு திரும்பி வந்த மீராசாஹிபு ஏழாவதாக வந்தார், எட்டு வரிசை போட்டார்.

"மீராசாஹிபு நானா, வீடு கட்டுறீங்களோ, கடலுக்கு வெளிச்சவீடு கட்டுறீங்களோ?" என்று மதலேனா கேட்டாள்.

"என்ன செய்ய தங்கச்சி, பக்கத்துக்காரன் ஏழு போட்டிருக்கான். நான் ஆறு போட்டா என்ட பொஞ்சாதி உள்ளுக்கு வருவாவா?"

அதில் எரிச்சலான விசயம் என்னவென்றால், அந்த எட்டு வரிசைக்குள் கொட்டிய கிரவல் மண்ணில் பாதி மதலேனாவின் தலையில் போனது. ஊரில் கட்டிட வேலை தெரிந்த பெண் அவள்தான். அத்தனை வீட்டுக்கும் கூலிக்குப் போனாள். தன் வீட்டைச் சுற்றி எல்லா வளவையும் தானே உயர்த்திவிட்டு, நடுவில் தட்டுப்போலக் கிடந்த தன் வளவுக்குள் வந்து நின்று மழையைத் திட்டினாள்.

பிரதேச சபைக்குக் கடிதம் எழுதத் தொடங்கியது அப்போதுதான். 'மேல் வளவுகளிலிருந்து வரும் வெள்ளம் எனது வீட்டினுள் புகுவதால்' என்று ஆரம்பிக்கும். ஒரு கடிதத்துக்கும் பதில் வரவில்லை. பதினோராவது கடிதத்துக்குப் பிறகு பதில் வராமல் கானே வந்தது. ஒழுங்கையின் இரண்டு பக்கமும் கொங்கிரீட்டில் வெள்ளம் வடியக் கான் கட்டப் போகிறார்களாம். மதலேனா அன்றைக்குக் கோயிலில் ஒரு கட்டு மெழுகுதிரி கொளுத்தினாள்.

கானுக்கு மட்டம் காட்ட நூல் கட்டிய அன்றே அதன் உயரம் அவளுடைய கண்ணில் குத்தியது. வீட்டுக்குள் ஓடிப்போய்த் தன் பழைய குழாயை எடுத்து வந்தாள். ஒரு முனையைச் சந்தியோகுவின் கையில் கொடுத்துப் பார்த்தாள். கானின் அடி அவளுடைய முற்றத்தைவிட ஒரு சாண் உயரம்.

மேற்பார்வைக்கு வந்திருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஜெகதீபன் இளம் பொடியன், நல்ல மரியாதைக்காரன். அவனை இழுத்து வந்து காட்டினாள். "தம்பி, இஞ்ச பாருங்கோ. கான் மேல, என்ர வளவு கீழ. தண்ணி எப்பிடி ஏறிப்போய்க் கானுக்குள்ள விழும்? கான்ல போற தண்ணிதான் எனக்குள்ள விழும்."

ஜெகதீபன் குழாயைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். "அம்மா, நீங்கள் சொல்லுறது சரி போலத்தான் கிடக்கு. ஆனா படம் மேலிடத்தில கையெழுத்தாகி வந்திட்டுது. மாத்திறதெண்டா திரும்பவும் முதல்ல இருந்து வெளிக்கிட வேணும். காசு திரும்பிப் போயிடும்."

"அப்ப பிழையெண்டு தெரிஞ்சும் கட்டப் போறீங்கள்?"

"என்ன செய்யிறதம்மா" என்றான். கட்டினார்கள்.

அந்த மாரி, ஐந்தாவது மாரி, முதல் பெரிய மழைக்குக் கான் நிரம்பி அவளுடைய வாசல் படலைக்கு முன்னால் வழிந்தது. முன்பு சுற்றுவளவுத் தண்ணீர் மட்டும் வந்தது. இப்போது சந்தியிலிருந்து பிளாஸ்டிக் போத்தல்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. தண்ணீர் வற்றி இரண்டு கிழமை ஆகவில்லை, சபையிலிருந்து ஒரு துண்டு வந்தது. ஒழுங்கைக்கு வடிகால் வசதி செய்யப்பட்டிருப்பதால் வீட்டுக்குக் கட்டுகிற சோலைவரி கூட்டப்பட்டிருக்கிறது. மதலேனாவின் வளவு மூலைவளவு, கான் இரண்டு பக்கமும் போகிறது, ஆகவே ஒழுங்கையிலேயே அவளுக்குத்தான் வரி கூட.

துண்டைக் கையில் பிடித்தபடியே சபைக் கந்தோருக்குப் போனாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கக் கத்தினாள். "ஊர்த் தண்ணி முழுக்க என்ர வளவுக்குள்ள நிக்குது. அதை வைச்சிருக்கிறதுக்கு நீங்கள் எல்லோ எனக்கு வாடகை தரவேணும்!" கதிரையில் இருந்தவர் கோபிக்கவில்லை. வசதியை அனுபவிக்கிறவர்தான் கட்ட வேண்டும் என்று அமைதியாக விளங்கப்படுத்தினார். அந்த அமைதிதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். துக்கத்தில் இல்லை, வெறும் எரிச்சலில்.

அதோடு கடிதத்தை விட்டுவிட்டாள். பங்குனியிலிருந்து புரட்டாதி வரைக்கும் வேலைக்குப் போன இடமெல்லாம் கூலிக்குப் பதிலாகக் கிரவல் கேட்டாள். மீராசாஹிபு தன் உழவு இயந்திரத்தில் ஏற்றி வந்து கொட்டினார். முற்றத்தை இரண்டு அடி உயர்த்தினாள். வீட்டுக்குள்ளும் நிரப்பிச் சீமெந்து போட்டாள். கதவுகளை அரிந்து குட்டையாக்க வேண்டியிருந்தது, சந்தியோகு நாளுக்கு மூன்று தடவை கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டான். கடைசியாகப் பின்வேலியோரம் சுற்றிவர ஒரு வரம்பும் கட்டினாள்.

ஆறாவது மாரி வந்தது. இரவும் பகலும் கொட்டியது. மதலேனாவின் நிலத்தில் ஒரு சொட்டு இல்லை. பட்டப்பகலில் பாயை விரித்துப் படுத்து, கையால் நிலத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். சந்தோசம் என்றால் அப்படி ஒரு சந்தோசம்.

மூன்றாம் நாள் காலை தர்ஷிகா வந்து விறாந்தையில் ஏறினாள். ஆடி மாதந்தான் கைக்குழந்தையோடு மண்டபத்திலிருந்து வந்து, பின்வேலிக்கு அங்கால் தகரக் கொட்டில் போட்டிருந்தவள். குழந்தை இடுப்பில், பாவாடை தொடைவரைக்கும் ஈரம்.

"அக்கா, சபைக்குக் கடிதம் எழுதுறதெண்டா உங்களைத்தான் கேக்கச் சொல்லுகினம். ஒண்டு எழுதித் தருவீங்களோ?"

"என்னத்துக்கு?"

தர்ஷிகா நிலத்தைப் பார்த்தாள். "மேல் வளவுத் தண்ணி எங்கட கொட்டிலுக்குள்ள வந்திட்டுது. பிள்ளையை ஆரின்ரயோ வீட்டு மேசையில படுக்க வைக்கிற நிலை. ஆரின்ர வளவெண்டு போடவேணுமாம். குறை நினையாதேங்கோ அக்கா, அது உங்கட வளவு."

மதலேனா எழும்பி, குட்டைக் கதவால் குனிந்து, பின்பக்கம் போய்ப் பார்த்தாள். வரம்புக்கு இங்கால் காய்ந்த கிரவல். அங்கால் கொட்டிலின் கட்டில் கால்கள் மூழ்கிக் கிடந்தன. செருப்பு ஒன்று மிதந்தது. திரும்பி வந்தாள். கொப்பியை எடுத்து எழுதினாள். 'மேல் வளவிலிருந்து வரும் வெள்ளம் எனது வீட்டினுள் புகுவதால்' என்று தொடங்கியது, யோசிக்கவே தேவைப்படவில்லை. குற்றஞ்சாட்டப்படுபவர் என்ற இடத்தில் தன் பெயரையும் புருசன் பெயரையும் முழுதாகப் போட்டாள். தர்ஷிகாவிடம் கையெழுத்து வாங்கினாள்.

"இதைக் குடுத்தா வந்து செய்து தருவினமோ அக்கா?"

"பதினொரு கடிதம் குடுத்தனான். நீ வீட்டைப் போ."

போகச் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தாள். "விசரே உனக்கு, ஆறு மாசம் சுமந்த மண்ணெல்லே!" என்று சந்தியோகு பின்னால் ஓடிவந்து நிலையில் தலையை இடித்துக்கொண்டான். அவள் கேட்கவில்லை. சபையை, படம் கீறினவனை, எட்டு வரிசை போட்டவர்களை, கிரவல் சுமந்த தன் தலையை, எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே வரம்பை வெட்டினாள். வரம்புக்குப் பின்னால் முற்றத்துக் கிரவலையும் பழைய நிலம் தட்டும்வரை வாய்க்காலாகக் கிண்டி இழுத்தாள். கலங்கல் தண்ணீர் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. அங்கால் கட்டிலின் கால்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரிந்தன.

தர்ஷிகா வேலிக்கரையில் நின்று பார்த்தாள். பிறகு கையிலிருந்த கடிதத்தைக் கிழிக்கப் போனாள்.

"அதைக் கிழியாதையடி!" என்று மதலேனா கத்தினாள். "கொண்டுபோய்க் குடு. என்ர பேரையும் வெட்டாத. என்னைப் பிடிக்கவெண்டாலும் ஒருத்தன் வரட்டும். வந்தா இந்த நிலத்தின்ர மட்டத்தையும் பார்ப்பான்தானே."