லிங்கித் தோட்டத்தில் ஒரு பெரட்டு

காலை எட்டு மணிக்குச் செனாவாங்கிலிருந்து கிளம்பினோம். வண்டி தேவகியுடையது, ஓட்டியதும் அவள்தான். பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. எங்களுக்கு வரலாறு நடத்திய பேராசிரியர் தங்கையா இறந்து ஓராண்டு ஆகிறது. அவருடைய அக்கா ராஜம்மா லிங்கித் தோட்டத்தில் படையல் போடுகிறார். இறுதிச் சடங்கில் பார்த்த பழக்கத்தில் எங்களையும் அழைத்திருந்தார். பேராசிரியர் லிங்கிக்காரர் என்பதே அந்தச் சடங்கில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். மம்பாவ் தாண்டியதும் லாரிகள் குறைந்தன. ரந்தாவில் நுரைக்க ஆற்றிய தே தாரிக் குடித்தோம். ஒரு கிளாஸ் இரண்டு வெள்ளி இருபது காசு. இனிப்பில் மட்டும் கஞ்சத்தனம் இல்லை. அதற்கப்புறம் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள்தான். தேவகிக்கு வழியெல்லாம் ஒரே கவலை.

"அந்தம்மா ஏதும் கேட்டா என்னத்தடா சொல்றது? சார் வீட்டப் பத்தி வாயே தொறந்ததில்லலா."

ஒன்பதரைக்கு, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீட்டை அடைந்தோம். மாலை போட்ட படத்தின் முன் வாழையிலை விரித்து, சோறும் கோழிக்கறியும் நெத்திலி சம்பலும் வைத்துக்கொண்டிருந்தார் ராஜம்மா. எழுபதைத் தாண்டியவர். தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டார்.

"தம்பி, அவன் எங்களப் பத்தி ஏதும் சொல்வானா? தோட்டத்துக்காரன்னு சொல்லிக்க வெக்கப்பட்டானா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. படத்தில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் உள்ளே போய்விட்டது. சொன்னதில்லை என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. வாய்க்கு வந்த வகுப்புக் கதைகளையெல்லாம் எடுத்துவிட்டேன்.

சார் எங்களை உட்காரவைத்து வருகை எடுக்கவே மாட்டார். வராந்தாவில் வரிசையாக நிற்கவேண்டும். பெரட்டு என்பார். பட்டணத்துப் பிள்ளைகளான நாங்கள் அதை அவருடைய கிறுக்கு என்றே நினைத்தோம். யாராவது வரவில்லையென்றால் பக்கத்தில் நிற்பவர், 'வந்துகிட்டு இருக்காங்க' என்று சொல்லவேண்டும். சொன்னால் போதும், பாடத்தைத் தொடங்காமல் காத்திருப்பார். தேவகி பஸ்ஸை விட்ட நாளிலெல்லாம் சொன்னது நான்தான்.

ராஜம்மாவின் கை இலைமேல் அப்படியே நின்றது. தோட்டத்தில் விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்குத்தான் பெரட்டு என்று பெயராம்.

"எங்கப்பா மண்டோரு, ஆளுங்கள வேல வாங்குறவரு. வந்துகிட்டு இருக்காங்கன்னு யாராச்சும் சொல்லிட்டா நின்னு பாப்பாரு. கணக்கு எழுதுற கிராணி கத்துனாலும் நகர மாட்டாரு. அத அப்படியேவா செஞ்சான்?"

அப்படியேதான் என்றாள் தேவகி.

கற்பூரம் ஏற்றும் நேரத்தில் ராஜம்மா எங்களையும் அக்கம்பக்கத்தாரையும் வாசலில் வரிசையாக நிற்கச் சொன்னார். ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டார். எல்லோரும் கையைத் தூக்கினோம். கடைசியாக, "தங்கையா" என்றார்.

தேவகி என் விலாவில் இடித்தாள்.

"வந்துகிட்டு இருக்காரும்மா" என்றேன்.

ராஜம்மா தலையாட்டினார். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கற்பூரத்தை ஏற்றாமல், செம்பனைகளுக்கு நடுவே வரும் பாதையைப் பார்த்தபடி நின்றார். நாங்களும் நின்றோம்.