சத்தில்லாத மாத்திரை

அரசாங்கம் கொடுக்கும் சர்க்கரை மாத்திரையில் சத்து இல்லை என்று கன்னியம்மாவிடம் சொன்னவள் நான். அன்று காலையில் அதே மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் சொன்னேன்.

தெரியாமல் சொன்ன பொய் அல்ல. தெரிந்தே சொன்னது. இதை முதலிலேயே எழுதிவிட்டால், மேற்கொண்டு வாசிப்பதா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். வேதத்தை எழுத்துக் கூட்டி வாசித்துப் பழகிய தமிழ்தான் எனக்குத் தெரிந்தது. எழுத நேரமாகிறது. ஆகட்டும், எனக்கு அவசரமில்லை.

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் எங்களுக்கு மளிகைக் கடை இருந்தது. திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து கடை போட்டு, நாலு பேருக்குக் கொடுக்கிற நிலைக்கு வந்த குடும்பம். எங்கள் கிறிஸ்தவச் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்போம். மாதக் கடைசியில் எல்லாருடைய அரிசியையும் சேர்த்து விற்று, ஏழைகளுக்கு மருந்து வாங்குவோம். வியாழக்கிழமைகளில் கோயிலுக்குப் பின்னாலுள்ள கூடத்தில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஐயா ஒருவர் வந்து பார்ப்பார். மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பது என் பொறுப்பு.

அந்தப் பொறுப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா! முதலில் ஜெபம், பிறகுதான் மருந்து. வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, உட்கார்ந்து கண்ணை மூடியாக வேண்டும். என் கையிலிருந்து வாங்கும்போது குனிவார்கள். அந்தக் கும்பிடு கர்த்தருக்குச் சேர வேண்டியது... பாதியை நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் இறந்தார். கடை கைமாறியது. எனக்கும் சர்க்கரை வந்தது.

எங்கள் கூடத்து வரிசையிலேயே நானும் உட்கார்ந்திருக்கலாம். பிடி அரிசி போடுகிறவள், அந்த அரிசியில் வாங்கிய மருந்துக்குக் கை நீட்டுவதா? சபைப் பெண்கள் என்ன நினைப்பார்கள்? ஆகையால் திருவொற்றியூரில் தெரிந்தவர் கண்ணில் படாமல், பஸ் ஏறித் தண்டையார்பேட்டையில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். எந்தச் சபை, யார் வீட்டுப் பெண்ணென்று ஒருவரும் கேட்கவில்லை. இரத்தம் எடுத்துப் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கும் குனிய வேண்டியிருக்கவில்லை. சர்க்கரை இறங்கியது.

மாதந்தோறும் போனேன். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம் தங்கச்சி மகளைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அது சின்னப் பொய்.

பிறகு அரசாங்கமே வீடு தேடி வர ஆரம்பித்தது. தேவிகா என்று ஒரு பெண், தோளில் பையோடு சந்து சந்தாக வருவாள். விரலில் குத்திப் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சுகர் பொண்ணு என்று அவளுக்குப் பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் வியாழக்கிழமை வரிசை மெலிந்தது. நல்லதுதானே என்று டாக்டர் ஐயா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோயாளிக்கு வாசலிலேயே மருந்து கிடைக்கிறதே என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டியவள், எதிரே போட்டிக் கடை திறந்தாற்போல வயிறெரிந்தேன்.

அந்த நாட்களில்தான் கன்னியம்மா வந்து கேட்டாள். அவள் கடலோரக் குப்பத்தில் மீன் விற்கிறவள். வீட்டுச் சாமி வேறு. ஆனாலும் சர்க்கரைக்கு மருந்து வாங்க வியாழக்கிழமை தவறாமல் வந்து, என்னைவிட இறுக்கமாகக் கண்ணை மூடுவாள்.

"கடைக்காரம்மா, சுகர் பொண்ணு வூட்டாண்டயே வந்து மாத்திரை குடுக்குது. வாங்கித் துன்னலாமா? நீங்க இன்னா சொல்றீங்களோ அதான்."

"அதுல என்ன சத்து இருக்கப்போவுது? சும்மா குடுக்குறது அப்படித்தான் இருக்கும். நீ இங்கயே வா."

"அதத்தான் நானும் நென்ச்சேன். அது வெரல்ல குத்தி ரத்தத்த உறிஞ்சிகினு போவுது. இங்க வெறும் ஜெபம், நோவாது" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நாங்கள் கொடுத்ததும் சும்மா கொடுத்ததுதானே! அது அவளுக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. விட்டுவிட்டேன்.

மறுநாள் தேவிகா போனபோது, வேண்டாமென்று கன்னியம்மா கதவைச் சாத்திவிட்டாளாம்.

கொஞ்ச காலத்தில் டாக்டர் ஐயா விழுந்து இடுப்பொடிந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பிடி அரிசியும் குறைந்தது. மருந்து ஒரு வாரம் இருக்கும், இரண்டு வாரம் இருக்காது. அந்த மாதங்களில் கன்னியம்மாவுக்கு நான் கொடுத்தது பாதி மருந்தும் முழு ஜெபமும். அடுத்த வாரம் வந்துவிடும் என்பேன். தேவிகாவிடம் வாங்கிக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்... வாய் வரவில்லை. அதே மாதங்களில் தண்டையார்பேட்டைக்குப் போவதை நான் ஒருமுறைகூட விடவில்லை.

கன்னியம்மாவின் காலில் மீன் முள் ஏறியது. அவளுக்கு வலிக்கவில்லை. சர்க்கரை அந்தக் காலின் உணர்ச்சியை ஏற்கெனவே தின்றிருந்தது. ஈரத்திலேயே நின்று வியாபாரம் செய்தாள். விரல் கறுத்த பிறகுதான் பக்கத்து வீட்டார் பார்த்து, பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வெகுநாளாகக் கட்டுக்குள் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்களாம்.

முள்ளை நான் குத்தவில்லை. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் கால் போயிருக்குமோ என்னவோ! இப்படிச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாத்திரையில் சத்து இல்லையென்றால் நான் ஏன் பஸ் ஏறினேன்?

ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். பக்கத்துக் கட்டில்காரியிடம் கன்னியம்மா என்னைக் காட்டி, இத்தனை வருஷம் எனக்கு மருந்து கொடுத்த புண்ணியவதி இவர்தான் என்றாள். தேவிகாவும் பார்க்க வந்திருந்தாள். நான் கிளம்பியபோது அவளும் கூடவே படியிறங்கினாள்.

"ஆன்ட்டி, நாங்க மாத்திரை எடுக்கத் தண்டையார்பேட்டைக்குப் போவோம். உங்கள அங்க லைன்ல பாத்துக்கீறேன்."

நான் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"அந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்குதா?"

கோபமாகக் கேட்கவில்லை. வீடு வீடாக எல்லாரையும் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். ஒத்துக்கிறது என்றேன். சரி என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டாள். கன்னியம்மாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

கன்னியம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். புண்ணுக்குக் கட்டுப்போட அரசாங்க நர்ஸ் வருகிறாள். தேவிகாவிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறாள். நான்தான் வாங்கச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நான் சொன்னால் சரி அவளுக்கு.

இந்த மாதக் கடைசி ஞாயிறு எங்கள் கோயிலில் ஸ்தோத்திர ஆராதனை. விரும்புகிறவர்கள் எழுந்து நின்று, தாங்கள் பெற்ற நன்மையைச் சாட்சியாகச் சொல்லலாம். தானும் சொல்ல வேண்டுமென்று கன்னியம்மா போதகரிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

"உங்க பேரச் சொல்லித்தான் சொல்லப் போறேன். நீங்க மருந்து குடுக்கலன்னா நான் எப்பவோ செத்துப் பூட்டிருப்பேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டில் அவளும் நானும் மட்டும்தான் இருந்தோம். எந்தப் புடவை கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டேன்.

நீங்கள் இதை வாசித்துவிட்டீர்கள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இங்கே எழுதுகிறேனோ...

கோயில் படியில் ஊன்றுகோல் வழுக்கும் என்று பயப்படுகிறாள். ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறாளாம். சரி என்று சொல்லியிருக்கிறேன்.