அப்பாவின் மூன்றாம் மாத இரத்தம்

நெல்லியடியில் நான் வேலை பழகும் இரத்தப் பரிசோதனை நிலையத்தில், குழாய்களைச் சுழற்றும் இயந்திரம் நிற்கும்வரை காத்துக்கொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்தான் அது தோன்றியது. மாதாமாதம் அப்பாவின் சி.ஆர்.பி.யைப் பார்த்தால் என்ன?

உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் சுரந்து இரத்தத்தில் விடுகிற புரதம் அது. இதயத்துக்குப் போகும் குழாய்களின் சுவரும் அழலும். மாரடைப்பு வந்து மாதங்கள் கழிந்த பிறகும் அந்த எண் தணியாமல் நின்றால், இன்னொன்று வரும் ஆபத்து அதிகம் என்று படித்திருந்தேன். அப்பாவுக்கு ஒன்று வந்துவிட்டது. தண்ணீர்ப் பம்பு திருத்திக்கொண்டிருந்தவர், பம்பின் மேலேயே சாய்ந்துவிட்டார். இரண்டாவது வரக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் மாதம் நான்கு. இரண்டாம் மாதம் இரண்டுக்கும் கீழே. நான் துள்ளாத குறை. அப்பா கையை நீட்டிக்கொண்டே, "எஞ்சின் சூடு பாக்கிற மாதிரி என்னைப் பாக்கிறாய் பிள்ளை" என்பார். "ஓம் அப்பா. உங்களுக்குத்தான் மீற்றர் இல்லையே" என்பேன்.

மூன்றாம் மாதம், நிலையத்துக்கு வந்த அப்பாவிடம் ஊசி குத்துவதற்கு முன் வழமைபோலக் கேட்டேன்.

"காய்ச்சல், காயம், பல்லுவலி ஏதும் இருந்ததோ?"

"ஒண்டும் இல்லை."

எண் முப்பத்தொன்று. இயந்திரத்தில் பிழை என்று நினைத்து மறுபடி போட்டேன். அதே முப்பத்தொன்று. பத்தைத் தாண்டினால் முதலில் வேறெங்காவது தொற்றோ புண்ணோ இருக்கிறதா என்று தேட வேண்டும். பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிற விசயம். வேறு யாருடைய இரத்தமாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அப்பாவின் இரத்தம் என்றதும் எனக்கு இதயம் மட்டும்தான் தெரிந்தது.

மதியம் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு உடுப்பிட்டியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்குப் பறந்தேன். அப்பாவை அப்படியே ஏற்றிக்கொண்டு வைத்தியரிடம் போவதுதான் திட்டம். குசினிக்குள் எட்டிப் பார்த்தால், எப்போதும் நிலத்தில் குந்தியிருந்து தேங்காய் துருவுகிற அம்மா, அன்று திருவலையை வாங்குப் பலகையில் ஏற்றிவைத்து, காலை நீட்டிக்கொண்டு அதில் இருந்தார்.

"முழங்காலுக்கு என்னம்மா?"

"கதவிலை முட்டிட்டுது."

"ரெண்டுமோ?"

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. போன கிழமைதான் கோயிலில் தேர். எனக்கு அன்று வேலை. சுடுமணலில் ஆண்கள் உருண்டு பிரதட்டை செய்ய, பின்னால் பெண்கள் அடிக்கொரு தரம் விழுந்து கும்பிட்டு அடியழித்துக்கொண்டு வருவார்கள்.

விறாந்தையில், அந்த வெக்கையிலும் சேட்டுப் போட்டுக்கொண்டு அப்பா கதிரை நுனியில் இருந்தார்.

"சேட்டைக் கழட்டுங்கோ அப்பா."

"ஏன், குளிராய் இருக்கு."

நானே தூக்கிப் பார்த்தேன். முதுகு முழுக்க உரசல். தோளுக்குக் கீழே இரண்டு இடத்தில் சிவந்து, சீழ் கட்டியிருந்தது.

"காயம் இருக்கோ எண்டு கேட்டனான்."

"நீ இதயத்துக்கு எண்டல்லோ கேட்டனி. இது முதுகு." பிறகு கேட்டார், "எத்தினை வந்தது?"

"முப்பத்தொண்டு."

"இன்னும் நாலு எடுத்தால் பாஸ்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாரடைப்பு வந்த மனிசன் உச்சி வெயிலில் உருளுவதா என்று இருவரையும் பிடித்து ஏசினேன். அம்மா நொண்டி நொண்டி வந்து கதவு நிலையில் சாய்ந்தார்.

"ஆஸ்பத்திரியிலை நீ உள்ளுக்கை மெசினைப் பாத்துக்கொண்டு நிண்டாய். வெளியிலை நான் என்னத்தைப் பாக்கிறது? அப்ப கோயிலுக்கு நேர்ந்தது."

அப்பாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியரிடம் போனேன்.

வைத்தியர் காயத்தைத் துப்பரவாக்கி மருந்து தந்தார். ஈ.சி.ஜி.யில் மாற்றம் இல்லை. ஆனால், இதயத்தைப் பற்றி இந்த முப்பத்தொன்று எதையும் சொல்லாது என்றார். புண் ஆறி இரண்டு கிழமை போன பிறகு எடுக்கிற இரத்தம்தான் சொல்லும். ஆகவே எனக்கு இன்னும் தெரியாது.

புண் ஆறிவிட்டது. வருகிற செவ்வாயோடு இரண்டு கிழமை முடிகிறது. இந்த முறை காயம் உண்டோ என்று கேட்பதோடு விடப்போவதில்லை. சேட்டைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் ஊசி. அதற்கு முன் வெள்ளிக்கிழமை கோயில் ஐயரிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அம்மா நேர்ந்தது மூன்று சுற்றாம். அப்பா உருண்டது ஒன்று. மிச்சம் இரண்டையும் விடியப்புறக் குளிரில், மெதுவாக நடந்து முடிக்கலாமா என்று கேட்கப் போகிறேன். ஐயர் ஓம் என்றால், அப்பா அம்மாவின் பின்னால் மூன்று பேருக்கும் தண்ணீர்ப் போத்தல் கொண்டு நான் நடப்பேன்.