பிந்தி வந்த ‘இப்ப’

எனக்கு அன்னம் என்றால் வெள்ளை. பள்ளிக்கூடப் புத்தகத்திலும் கல்யாண அழைப்பிதழின் மூலையிலும் இருக்கிற அந்த வெள்ளைப் பறவை. நாங்கள் குடிவந்த நாட்டில், மங்கரேக் கடலோரத்துக்கு என் கணவர் முதன்முதல் என்னைக் கூட்டிக்கொண்டு போய், சேற்றுத் தண்ணீரில் மேய்ந்த கன்னங்கரிய கூட்டத்தைக் காட்டி அன்னம் என்றபோது நான் சிரித்துவிட்டேன்.

"இதுகளோ? காகத்துக்குக் கழுத்து நீண்ட மாதிரிக் கிடக்கு."

"பறக்கேக்க பாரும்" என்றார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

பார்த்தேன். கறுப்பு அன்னத்துக்கு உடம்பு கனம். நின்ற இடத்திலிருந்து எழும்பாது. காற்றுக்கு எதிராகத் திரும்பி, தண்ணீரின் மேல் பட்பட்டென்று காலடித்து நெடுந்தூரம் ஓடவேண்டும். சிறகை விரித்தபோதுதான் தெரிந்தது, அதன் விளிம்பெல்லாம் வெள்ளை. சும்மா இருக்கும்போது அதை மடித்து ஒளித்து வைத்திருக்கிறது. நான் சிரிப்பை நிறுத்தினேன். ஆனால் அவரிடம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் சரக்குக் கொட்டகையில் அவருக்கு வேலை. ஷிப்ட் முடிந்ததும் கமராவோடு அந்தக் கரைக்குப் போய்விடுவார். ரானுயியில் எங்கள் வீட்டில் சோறு ஆறிப்போகும், நான் ஆறமாட்டேன். வந்து கொம்பியூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, எடுத்ததில் முக்கால்வாசியை அழித்துவிடுவார். அவருக்கென்று இரண்டு பிடிவாதங்கள் இருந்தன. விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு தொடர்ச்சியாக எடுக்கக்கூடாது. "மெஷின் கன் சத்தம் சண்டைக்குள்ள ஊரில கேட்டதே காணும்" என்பார். மற்றது, பறவைக்கு முன்னால் இடம் விடவேண்டும். "அது போறதுக்கு இடமில்லாட்டி அது படமில்லை, கூடு."

அவர் தேடியது ஒரே ஒரு படத்தைத்தான். கால் தண்ணீரை விட்டுக் கிளம்புகிற நேரம், வெள்ளை முழுதும் விரிந்திருக்க, பின்னால் காலடிகளின் வரிசை, முன்னால் வெறும் தண்ணீர். ஏதாவது ஒன்று எப்போதும் பிழையாகிவிடும்.

பிறகு அவருடைய வலது கையிலிருந்து சாமான்கள் விழத் தொடங்கின. முதலில் தேத்தண்ணிக் கோப்பை, பிறகு கார்ச் சாவி. தசைகளுக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற வியாதி என்றார்கள். மருந்து இல்லை. கை போகும், கால் போகும், பிறகு பேச்சும் போகும் என்று அந்த டாக்டர் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னாள். காரில் ஏறிய பிறகு அவர் சொன்னார்: "அந்த ஒரு படத்தை எடுத்துப்போட்டுத்தான் போவன்." எங்கே போவது என்று நான் கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்குள் கையும் காலும் முடிந்தன. சக்கர நாற்காலியைக் காரில் ஏற்றி இறக்கி என் இடுப்பு ஒடிந்தது. கரையில் முக்காலியை நிறுத்தி, அதில் கமராவைப் பூட்டுவேன். பின்பக்கத் திரையைப் பார்த்து அவர் சொல்லச் சொல்லத் திருப்புவேன். "கொஞ்சம் இடப்பக்கம். காணும். தண்ணியை இன்னும் விடும்." அன்னம் எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவரும் என்று காற்றைப் பார்த்து அவர் முடிவு செய்வார். அதற்குப் பிறகு கமராவை அசைக்கக்கூடாது. வயரின் நுனியில் ஒரு பொத்தான். அது என் கையில். அன்னம் சட்டத்துக்குள் ஓடிவரும்போது அவர் ‘இப்ப’ என்பார், நான் அமத்தவேண்டும்.

"நீர் யோசிக்காதேயும். நான் சொல்லேக்க அமத்தும். அப்பத்தான் அது என்ர படம்."

என் மூளையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்கிறார் என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் விளங்கியது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் போனோம். தென்மேற்குக் காற்று காதைக் கிழிக்கும். தொடக்கத்தில் படம் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. பிறகு பிந்தத் தொடங்கியது. அன்னத்தின் பாதி, வால், கடைசியில் வெறும் தண்ணீர்.

"என்ன, நித்திரையே?" என்று சீறுவார். "அழியும் அதை."

அழிப்பேன். நானும் திருப்பிக் கொடுப்பேன். வருத்தக்காரரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று எவர் சொன்னாரோ, அவர் ஒரு வருத்தக்காரரைப் பார்த்துக்கொண்டதே இல்லை.

ஒருநாள் அன்னத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தேன். இறக்கைச் சத்தம் கேட்டதும் அவர் கண் விரிந்தது. நெஞ்சு மேலெழுந்து மூச்சைச் சேர்த்தது. உதடுகள் குவிந்தன. நாக்கு அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டு கிடந்தது. அன்னம் வந்து, விரிந்து, போய்விட்டது. அதற்குப் பிறகுதான் சொல் வெளியே வந்தது. என் விரல் பிந்தவில்லை. அவருடைய சொல்தான் பிந்தியது. அவருக்கு அது தெரியவில்லை. மண்டைக்குள் அவர் அதைச் சரியான நேரத்தில் சொல்லிவிட்டார்.

அவர் கண் விரிகிற நேரத்தில் நானே அமத்தியிருக்கலாம். அந்தப் படம் விழுந்திருக்கும். ஆனால் அது அவருடைய படம் இல்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. கை போய், கால் போய், அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிச்சமிருந்தது. அதுவும் போகிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? சும்மா வாங்கிக் கட்டிக்கொள்கிற ஆள் இல்லை நான். அந்த மாதங்களில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். எரிச்சலும் பாவமுமாக, இரவில் அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது எனக்கு அழுகை வரும்.

எல்லர்ஸ்லியில் வேலை செய்கிற எங்கள் மகள் ஒரு சனிக்கிழமை எங்களோடு வந்தாள். பின்னால் நின்று போனில் வீடியோ எடுத்திருக்கிறாள், எங்களுக்குத் தெரியாது. பின்னேரம் வீட்டில் அதை டீவியில் போட்டாள். என் முதுகு, அவருடைய நாற்காலி, காற்றின் இரைச்சல். இடப்பக்கத்திலிருந்து அன்னம் ஓடி வந்தது, சிறகு விரிந்தது, வெள்ளை தெரிந்தது, தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் அடங்கத் தொடங்கியது. அப்போது டீவிக்குள் இருந்து அவர் குரல்: "இ... ப்ப." பிறகு என் விரல். பிறகு அவருடைய ஏச்சு.

நீங்கள் இரண்டு பேரும் சண்டை பிடிப்பது எவ்வளவு வடிவு என்று மகள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

அவர் நாடியைத் தூக்கிக் காட்டினார்: திரும்பப் போடு. போட்டாள். இன்னொரு தரம் என்று காட்டினார். அந்தத் தரம் அவள் சிரிக்கவில்லை.

"உமக்குத்... தெரியும்" என்றார் என்னிடம்.

"ஓம்."

"ஏன்... சொல்லேல்லை?"

"சொன்னா? சொன்னா நாக்குத் திரும்பி வருமோ?" என்று கத்திவிட்டேன். மகள் எழுந்து அறைக்குள் போனாள். அவர் அழுதார். கண்ணைத் துடைக்கக் கை இல்லாத மனிதர் அழுவதைப் பார்ப்பது போல ஒரு தண்டனை கிடையாது. துடைத்துவிட்டேன், என் கோபம் தீராமலே.

அதற்குப் பிறகு அவர் கரைக்குப் போகக் கேட்கவில்லை. "போவமோ? நான் உங்கட கண்ணைப் பாத்து அமத்திறன்" என்று நானே கேட்டேன்.

"அது... உம்மட... படம்."

சில வாரம் கழித்து, கமராவைக் கண்ணால் காட்டினார். எல்லாவற்றையும்தான் அழிக்கச் சொல்லி அழித்தாயிற்றே என்றேன். ஆனால் மகள் வந்த அன்று எடுத்தது மட்டும் அதில் கிடந்தது. சண்டையில் அழிக்க மறந்திருக்கிறேன். கொம்பியூட்டரில் பெரிதாக்கினேன். சாம்பல் நிறத் தண்ணீர். அதன் மேல் இடமிருந்து வலமாக, தையல் ஊசி ஓடியது போலக் காலடிகளின் வரிசை, ஒவ்வொன்றும் வளையமாக அடங்கியபடி. வலது விளிம்பில் ஒரு சிறகு நுனி, வெள்ளையாக.

நெடுநேரம் பார்த்தார். பிறகு வேலை தொடங்கியது. மவுஸ் என் கையில், கட்டளை அவர் நாடியில். வானத்தைக் குறைத்தோம். தண்ணீரை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கினோம். வலது விளிம்பை உள்ளே தள்ளச் சொன்னார். தள்ளினேன். இன்னும் என்றார். இன்னும் தள்ளினால் அந்தச் சிறகு நுனியும் வெட்டுப்பட்டுவிடும்.

"அன்னமே இல்லாமல் போயிடுமே. முன்னால இடம் விடவேணும் எண்டு சொல்லுறனீங்கள்?"

அவர் மூச்சைச் சேர்த்தார். நான் காத்திருந்தேன், அதற்குள் காத்திருக்கப் பழகியிருந்தேன்.

"அது... போயிட்டுது."

வெட்டினேன். அவர் தலையசைத்தார். தொடர்ந்து வந்த மாதத்தில் பேச்சு முழுதாக நின்றது. வசந்தம் முடிவதற்குள் மூச்சும் நின்றது.

படத்தைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறேன். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுத் தமிழ்நாட்டுப் பெண் மட்டும்தான் கேட்டாள். எனக்கு ரசம் சாதம் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, இது என்ன படம்? வெறும் தண்ணியா இருக்கு?"

"அன்னம்."

"அன்னம் எங்கக்கா?"

"அவர் இப்ப எண்டு சொன்னவர். நான் அமத்தினனான்."

அவளுக்கு விளங்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடைசி நேரத்துல நீங்க கூடத்தானே இருந்தீங்க?"

ஓம், பக்கத்தில்தான் இருந்தேன். விடியற்காலையிலிருந்து அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணைக்கூட எடுக்கவில்லை. இருந்தும் எந்த மூச்சு கடைசி மூச்சு என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இந்த முறை ‘இப்ப’ என்று சொல்ல ஆள் இல்லை.