நாய்க்கு ‘வாங்க’ சொல்லக் கூசிய நாள்

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தாமான் பாடாங்கில், அதாவது எங்கள் குடியிருப்பின் விளையாட்டுத் திடலில், நான் நாய்களுக்குப் பழக்கம் சொல்லித் தருகிறேன். மற்ற நாட்களில் மரச்சாமான் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பாடாங்கில் சிலர் என்னை மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். அப்போது எனக்குக் காது சூடாகிவிடும். ஏன் என்று சொல்கிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் நாய் பத்து பாகாட்டில் ஒரு சீன ஆன்ட்டியிடமிருந்து வந்தது. தெருவில் கிடக்கும் நாய்களைத் தூக்கி வந்து காப்பாற்றுகிறவர் அவர். எங்கள் நாயை யாரோ கம்பியால் கட்டிப் போட்டு அடித்திருந்தார்கள். கழுத்தில் முடியே முளைக்காத ஒரு வளையம் இருந்தது. காரில் ஏற்றிவிட்டு ஆன்ட்டி என்னிடம் “பெலான் பெலான்” என்றார். மெதுவாக, மெதுவாக என்று மலாயில் சொன்னார். சரி சரி என்று தலையாட்டினேன். மெதுவாக என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது.

யோங் பெங்கில் எங்கள் வீட்டுக்கு வந்ததும் அது சமையலறை சிங்க்குக்கு அடியில், கேஸ் தோங்கு என்கிற சிலிண்டருக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. நான் குனிந்து நின்று “வா, வா” என்று கூப்பிடுவேன். வராது. கையை உள்ளே விட்டுக் கயிற்றைப் பிடித்து இழுப்பேன். குளிப்பாட்டுவேன், புண்ணுக்கு மருந்து போடுவேன், ஊசி போடக் கூட்டிப்போவேன். எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் நாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். ‘வா’ என்றால் கழுத்தில் கயிறு. ‘வா’ என்றால் தண்ணீர். ‘வா’ என்றால் ஊசி. கொஞ்ச நாளில் அந்தச் சொல்லைக் கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும்.

அது முதலில் வெளியே வந்தது எனக்காக இல்லை. ஒரு மத்தியானம் என் மனைவி சோற்றைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, வாங்க. சாப்பாடு ஆறுது.”

நான் முன்வாசலிலிருந்து உள்ளே போனபோது, சிங்க்குக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு மட்டும் வெளியே வந்திருந்தது. அவள் பொரித்த நெத்திலி ஒன்றைத் தரையில் தள்ளினாள். மறுநாளும் அப்படியே. அவள் “வாங்க” என்று கூப்பிட்டால் நானும் வருவேன், நாயும் வரும்.

“ரெண்டு பேரும் வந்துட்டீங்க. யாருக்கு மொதல்ல போடறது?” என்று சிரிப்பாள்.

‘வா’ அடி வாங்கிய சொல். ‘வாங்க’ அடி வாங்காத சொல். அவ்வளவுதான் விஷயம். ‘வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டு யாரும் நாயைப் பிடித்து இழுத்ததில்லை. இதைப் போனில் நாய் பழக்குகிறவர்களின் வீடியோ பார்த்துப் பார்த்துதான் நான் புரிந்துகொண்டேன். பிறகு நானும் ஆரம்பித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெல்ல “வாங்க” என்பேன். அடுத்து “உக்காருங்க”. அடுத்து “இருங்க”. எல்லாம் ஜன்னலைச் சாத்திவிட்டு. ஒரு நாள் அது என் முட்டியில் தாடையை வைத்தது. அதன் மூச்சு சூடாக இருந்தது. நான் அசையவே இல்லை.

உங்களுக்கும் பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். ‘வாங்க’ என்று பெரியவர்களைக் கூப்பிட வேண்டும். நாயை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அதனால்தான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாயைப் பாடாங்குக்குக் கூட்டிப்போனேன். அங்கே என்னோடு வேலை செய்கிற இரண்டு பேர் பந்து விளையாடி முடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பேக்கிங் பிரிவில் இருக்கிற உயரமானவன் வாயை மூடவே மாட்டான். கேண்டீனில் தினமும் ஒருத்தனைப் பிடித்துக் கிண்டல் பண்ணுவான்.

“என்னா மச்சான், நாய்க்கு டியூஷனா?”

“சும்மா நடக்க விடறேன்.”

“இல்ல, என் வீட்டுல சொன்னாங்க. உங்க வீட்டுல நாய்க்கு வாங்க போங்கவாம். நெசமா லா?”

மற்றவன் தண்ணீர் போத்தலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தான்.

“யாரு சொன்னா? அதெல்லாம் இல்ல” என்றேன்.

“அதானே பாத்தேன். வீட்டுக்காரிக்கே ஒரு வாங்க சொல்லாதவன், நாய்க்கா சொல்லப் போறான்? எங்க, ஒன்னு காட்டு. கூப்பிடு, வருதா பாப்போம்.”

எனக்கு மாலுவாகிவிட்டது. வெட்கத்துக்கு நாங்கள் அந்த மலாய்ச் சொல்லைத்தான் சொல்வோம். அவன் சொன்னது பொய்யும் இல்லை. என் மனைவி என்னை எப்போதும் ‘வாங்க’ என்பாள். நான் அவளை ‘இங்க வா’ என்றுதான் சொல்வேன். இல்லை என்று சொல்லிவிட்டதால் இனி அந்தச் சொல்லை அவர்கள் முன்னால் எடுக்க முடியாது. ஆம்பிளைக் குரலில் நாயைப் பார்த்து “டேய், வா” என்றேன்.

அது புல்லோடு புல்லாகப் படுத்துவிட்டது.

“வா-ன்னு சொல்றேன்ல” என்று கயிற்றைச் சுண்டி இழுத்தேன். அது கழுத்துப் பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டது. பட்டை என் கையோடு வந்துவிட்டது. நாய் ஓடியது.

பாடாங்குக்கு ஒரு பக்கம் பெரிய சாலை. செம்பனைப் பழம் ஏற்றிய லாரிகள் அதில்தான் போகும். நாய் சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டில் போய் நின்று திரும்பிப் பார்த்தது. நான் பின்னாலேயே ஓடி “வா! வா!” என்றேன். ஒவ்வொரு ‘வா’வுக்கும் அது ஓரடி சாலைக்குள் போனது. நான்தான் அதைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகளே, அதற்குத் தெரிந்த ஒரு நல்ல சொல் என் வாயிலேயே இருந்தது. அதை நான் சொல்லவில்லை. என் பின்னால் அவர்கள் இரண்டு பேரும் ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் என்ன யோசித்தேன் தெரியுமா? நாளைக்குக் கேண்டீனில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன்.

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நாய் குறுக்கே பாய்ந்தது. லாரி நடுவில் வந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டயர்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

லாரி போன பிறகு, எதிர்ப்பக்கத்துச் சாக்கடை ஓரப் புல்லில் நாய் நின்றது. அடி படவில்லை. நான் சாலையைக் கடந்து போய், கொஞ்சம் தள்ளியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“வாங்க.” மெல்லச் சொன்னேன். “வாங்க மா. வாங்க.”

வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்தது. என் காலடியில் மூத்திரம் போய்விட்டது. தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அதன் இதயம் என் கையில் அடித்தது.

நிமிர்ந்து பார்த்தால், அந்த உயரமானவன் சாலை நடுவில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தான். நாங்கள் கடந்து வந்ததும் பின்னாலேயே வந்தான். அவன் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

“ஏன் மச்சான், அதுக்கு வாங்கன்னாதான் புரியும்னா, மொதல்லயே சொல்லிருக்கலாம்ல?”

இவனுக்காகத்தானே வாயை மூடிக்கொண்டேன். இவன் அதைப் பெரிதாகவே நினைக்கவில்லை. வீட்டில் போய், லாரி ஹாரனில் மிரண்டு ஓடிவிட்டது என்று மட்டும் சொன்னேன். என் மனைவி லாரிக்காரரைத் திட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஜொகூர் பாருவில் நாய் பழக்குகிற ஒருவரிடம் வார இறுதிகளில் போய்ப் படித்தேன். அந்த உயரமானவன்தான் முதலில் ஆள் கூட்டி வந்தான். அவன் தங்கை வீட்டு நாய், வாசல் கேட்டைத் தாண்டாமல் மிரண்டுகொண்டிருந்தது. தங்கையையும் நாயையும் பாடாங்குக்குக் கூட்டி வந்துவிட்டு, “வாங்க மாஸ்டர், வாங்க, நாயைப் பாருங்க” என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

எந்தச் சொல்லால் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். தமிழோ மலாயோ சீனமோ நாய்க்கு ஒன்றுதான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் திட்டு வரக்கூடாது, இழுப்பு வரக்கூடாது. நாயைத் தூரத்தில் கட்டிவிட்டு, முதலில் அவர்களையே மற்றவர்கள் முன்னால் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொல்ல வைப்பேன். கொஞ்சலாகச் சொல்ல அப்பாமார்களுக்கு வாய் வராது. இங்கும் அங்கும் பார்ப்பார்கள். அவர்களைப் பார்க்கும்போது என்னைத்தான் பார்ப்பேன்.

எங்கள் நாய் இப்போது பாடாங்கிலும் வருகிறது. நான் “வாங்க” என்று கூப்பிட்டதும் எழுந்து நிற்கும். ஆனால் உடனே ஓடி வராது. என்னைத் தாண்டி, என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்க்கும். பார்த்துவிட்டுத்தான் வரும். அதுவரை நான் உட்கார்ந்தபடி காத்திருப்பேன்.